விலைப்பலகையில் எந்தச் சுருட்டைக்கு எந்தச் சொல்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். கோவையிலிருந்து வாங்கி வரும் ஷாம்பு, கிரீம்களில் வேவி, கர்லி, காயிலி, கிங்கி, ஃப்ரிஸ்ஸி என்று அச்சடித்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் அட்டையில் யாருக்கு எதை எழுதுவது? புதிய விலைப்பலகையில் எவற்றைப் போடலாம்?

பதில்: பலகை எழுதுபவரிடம் கொடுப்பதற்கு முன் 'கிங்கி'யை அடித்துவிடுங்கள், சகோதரி. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மிக இறுக்கமான சுருளைக் குறிக்கும் சொல் அது. அவர்களிலேயே பலர் இன்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் நெடுங்காலம் அவர்களை இழிவுபடுத்தவும் அது பயன்பட்டது. பாலியல் சார்ந்த வேறொரு பொருளும் அதற்கு உண்டு. அந்த வகைக்குக் 'காயிலி' என்று எழுதினால் போதும்.

புட்டிகளில் 2ஏ, 3பி என்று வருவது, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரரான ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய வகைப்பாடு. 1 கோரை முடி, 2 நெளி (வேவி), 3 சுருட்டை (கர்லி), 4 சிறுசிறு சுருள் (காயிலி). சாக்பீஸை விடப் பருமனான வளையங்களாக விழுந்தால் 3ஏ; பென்சில் பருமனுக்கு இறுகினால் 3சி. உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 2, 3 வகைக்குள் அடங்கிவிடுவார்கள். ரிங்லெட், கார்க்ஸ்க்ரூ என்பவை சுருள் விழும் அழகை வருணிக்கும் சொற்கள். அட்டைக்கு அவை தேவையில்லை.

எண்ணெய் வைத்துப் பின்னி வந்த தலையைப் பார்த்து எதையும் எழுதாதீர்கள். பின்னலை அவிழ்த்ததும் கோரை முடியும் நெளியாகத்தான் தெரியும். எண்ணெயின் கனத்தில் நல்ல சுருட்டையும் தளர்ந்து தொங்கும். அலசி, கிரீம் எதுவும் தடவாமல், சீப்புப் போடாமல், தானாகக் காயவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் அந்த முடியின் வடிவம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது 'ஃப்ரிஸ்ஸி' பற்றி. அது முடியின் வகை அல்ல, பரட்டையாக நிற்கும் அன்றைய நிலை. உலர்ந்த சுருட்டையை அடர்ந்த பல் சீப்பால் வாரினால் யாருக்கும் பரட்டையாகத்தான் நிற்கும். உங்கள் பக்கத்தில் தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றும், உப்பேறிய போர் தண்ணீரும் அதைக் கூட்டுகின்றன. ஒரு பெண்ணின் அட்டையில் 'ஃப்ரிஸ்ஸி' என்று எழுதிவிட்டால் அடுத்து அவளுக்குச் சொல்லப்படுவது ஸ்ட்ரெய்ட்டனிங். அவளுக்குத் தேவைப்பட்டது ஈரத்தலையில் கண்டிஷனரும் அகன்ற பல் சீப்பும் மட்டுமாக இருந்திருக்கலாம். பிறவியில் வந்த நல்ல சுருட்டையை நோய்போலப் பதிவு செய்யாதீர்கள். 'கர்லி' என்று எழுதி, வறட்சியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

'திக்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு முடியும் தடிமன் என்றும் கொள்ளலாம், அடர்த்தி அதிகம் என்றும் கொள்ளலாம். தடிமனுக்குக் 'கோர்ஸ்', அடர்த்திக்கு 'டென்ஸ்' என்று எழுதினால் குழப்பம் வராது. 'போராசிட்டி' என்பது முடி தண்ணீரை உறிஞ்சும் தன்மை. சீக்கிரம் நனைந்து சீக்கிரம் காய்ந்தால் அது அதிகம். எந்த கிரீம் என்று முடிவு செய்ய, வடிவத்தைவிட இதுவே உதவும்.

விலைப்பலகையில் 'பீச் வேவ்ஸ்', 'பெர்ம்' இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள். முன்னது சூட்டுக் கருவியால் வரும் நெளி, தலைக்குக் குளித்தால் போய்விடும். பின்னது முடியின் உள்ளே உள்ள கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து, முடி சுருளாக நிற்கும்படி மறுபடி பிணைப்பது. புது முடி வளரும்வரை இருக்கும். விலை மட்டுமன்றி இந்த வேறுபாடும் பலகையிலேயே தெரியட்டும். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் 'நெளி', 'சுருட்டை' என்றும், மலையாள எழுத்தில் 'சுருண்ட முடி' என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.