'ஷெர்பா' என்றால் யார்?

கேள்வி: ஜி20 மாதிரி மாநாடுகளில் தலைவர்கள் இரண்டு நாள் கூடிக் கை குலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குள் பக்கம் பக்கமாகக் கூட்டறிக்கை எப்படி வருகிறது? 'ஷெர்பா' என்று யாரையோ சொல்கிறார்களே, அவர் யார்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தலைவர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. அவர்கள் விமானம் ஏறும்போதே அறிக்கையில் பெரும்பகுதி முடிந்திருக்கும், முடியாமல் இழுக்கிற சில பத்திகளுக்காகத்தான் அதிகாரிகள் ராத்திரி பகலாக விழித்துக் கிடப்பார்கள். ஒவ்வொரு தலைவருக்கும் அப்படி ஒரு பிரதிநிதி உண்டு, அவர்தான் ஷெர்பா. இமயமலை ஏறுபவர்களுக்கு வழிகாட்டி, சுமையும் தூக்கிச் செல்லும் ஷெர்பா மக்களின் பெயர் அது. உச்சிக்குத் தலைவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்பதால் இவருக்கும் அதே பெயர்.

2023 டெல்லி மாநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது நம் ஷெர்பா அமிதாப் காந்த். உதய்ப்பூரில் 2022 டிசம்பரில் முதல் கூட்டம், அப்புறம் குமரகம், ஹம்பி, கடைசியாக மாநாட்டுக்குச் சில நாள் முன்பு ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில். பருவநிலை, கடன், டிஜிட்டல் என்று எல்லாம் ஓரளவு நகர்ந்தது. உக்ரைன் போர்தான் தொண்டையில் முள். பிப்ரவரியில் பெங்களூரில் கூடிய நிதியமைச்சர்களும் சரி, ஜூலையில் நம் சென்னையில் கூடிய சுற்றுச்சூழல் அமைச்சர்களும் சரி, எல்லோரும் ஒப்புக்கொண்ட கூட்டறிக்கை தர முடியாமலே கலைந்தார்கள்.

இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாட்டுக்குப் பிடிக்காத சொல் வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் போய்விடும். அந்த அடைப்பை எடுக்க மாற்றுச் சொல் தேட வேண்டும், அதைத் தன் தலைநகருக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அங்கே சரி என்று வந்தால் இன்னொரு நாடு இன்னொரு சொல்லில் முறுக்கிக்கொள்ளும். உக்ரைன் பற்றிய பத்திகளுக்காக மட்டும் 200 மணி நேரத்துக்கு மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்புகள், 15 வரைவுகள் என்று காந்தே பிறகு எழுதினார். இந்தோனேசியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் கூட நின்றது பெரிய பலம். செப்டம்பர் 9, மாநாட்டின் முதல் நாளிலேயே, 83 பத்திகளும் ஒருமனதாக ஏற்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அதற்கு விலையும் இருந்தது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் பாலியில் நடந்த ஜி20 மாநாட்டு அறிக்கையில் 'பெரும்பாலான உறுப்பினர்கள் போரை வன்மையாகக் கண்டிக்கிறார்கள்' என்று இருந்தது, டெல்லியில் அது இல்லை. ரஷ்யாவின் பெயரைச் சொல்லாமல், எந்த நாடும் பலத்தால் பிறர் நிலத்தைப் பிடிக்கக் கூடாது என்று பொதுவாக வைத்தார்கள். உக்ரைனுக்கு அது பெரிய வருத்தம். அந்நாட்டு வெளியுறவு அமைச்சகப் பேச்சாளர் அந்தப் பத்திகளைச் சிவப்பில் அடித்துத் திருத்தி வெளியிட்டார். 'உக்ரைனில் போர்' என்ற இடத்தில் 'உக்ரைனுக்கு எதிரான போர்' என்று. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒரே தாளுக்குச் சம்மதிக்க வேண்டும் என்றால் அந்த வேற்றுமை உருபு ஒன்றுக்காகத்தான் அத்தனை ராத்திரியும் போகிறது. அடுத்த மாநாட்டு அறிக்கை வரும்போது போன ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், எந்தச் சொல் காணாமல் போயிருக்கிறது என்று.