பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய படகு வாங்குவோர் கேள்வி-பதில்

எட்டு வருடம் ஓடிய 31 அடி ஃபைபர் வள்ளம் விலைக்கு வருகிறது. பார்க்கப் புதுசு போல இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? (தரங்கம்பாடி)

புதுசு போல இருப்பதுதான் முதல் சந்தேகம். வள்ளத்தைச் சாய்த்து வைக்கச் சொல்லி அடியைப் பாருங்கள். அலையில் வந்து மணலில் ஏறி, டிராக்டரில் கட்டி இழுபடும் வள்ளத்துக்கு முதலில் தேய்வது அடிக்கட்டைதான். அங்கே கண்ணாடி நார் வெளியே தெரிந்தால் அந்த இடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். 'பொத்' என்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, இல்லையேல் நடுவில் வைத்த பிளைவுட் ஊறிப் போயிருக்கிறது. எஞ்சின் உட்காரும் பகுதியையும் பின்பலகையையும் இருமடங்கு கவனமாகத் தட்டுங்கள். அதிர்வில் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்குவது அங்கேதான்.

அணியத்திலும் (முன்முனை) கடைசியிலும் (பின்முனை) மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்து மூடிய அறைகள் இருக்கும். விற்பவர் சம்மதித்தால் அவற்றின் தாழ்ந்த மூலையில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். தண்ணீர் கசிந்தால் வள்ளம் தன் எடையோடு கடலையும் சேர்த்துச் சுமக்கிறது. துளையை அடைப்பது அரை மணி நேர வேலை. சம்மதிக்காத விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கீறல்களில் இரண்டு வகை. நட்சத்திரம் போல விரிந்திருந்தால் ஏதோ ஓரிடத்தில் மோதியது; ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். உள்ளே வங்கு (உடலைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம்) ஓடும் இடத்தையொட்டி வரிவரியாக இருந்தால் கட்டும்போதே மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அடுக்கு போதவில்லை, வள்ளம் ஒவ்வொரு அலைக்கும் வளைகிறது. அதை வாங்காதீர்கள்.

அந்த ஒட்டு வேலையை நாமே செய்யலாமா? (தரங்கம்பாடி, அதே வாசகர்)

செய்யலாம். விரிசலைச் சுற்றித் தடிமனைப் போல 12 மடங்கு தூரம் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மி.மீ. தடிமன் என்றால் சுற்றிலும் 72 மி.மீ. பலரும் இரண்டு விரல் அகலம் தேய்த்து மேட் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் அது தோசை போல உரிந்து வருகிறது. ஈரம் இருந்தால் ரெசின் (மேட்டை ஒட்டும் பிசின்) பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, நன்றாகக் காயவிடுங்கள். ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) ரெசினில் 1 முதல் 2 சதவீதம். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

52 அடி மரப்படகு. மேலே ஃபைபர் போர்த்தியிருக்கிறார்கள், 'இனி மரத்துக்குச் சாவே இல்லை' என்கிறார் உரிமையாளர். நம்பலாமா? (காசிமேடு)

எப்போது போர்த்தினார்கள் என்று கேளுங்கள். காய்ந்த மரத்தில், கட்டிய புதிதிலேயே போர்த்தியது என்றால் நல்லது. பத்து வருடம் கடலில் ஊறிய மரத்தின் மேல் போர்த்தியது என்றால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வெளியே பளபளக்கும், உள்ளே மரம் புட்டுப் போல உதிரும்.

மரப்படகின் நோயைப் பார்க்க வேண்டிய இடம் மீன் அறை. உப்புத்தண்ணீர் மரத்தை ஓரளவு காக்கும். ஐஸ் உருகிய நல்ல தண்ணீரும் மேல்தளத்திலிருந்து ஒழுகும் மழைநீரும்தான் மக்க வைக்கும். வங்குகளின் கால் பகுதி அடிமரத்தில் சேரும் இடத்தில் கூரான கத்தியைக் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த வங்கு போய்விட்டது. வரிசையாக நாலைந்து அப்படி இருந்தால் படகின் முதுகெலும்பே போனது போலத்தான்.

கப்பல் புழு குடைந்த பலகையில் வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம் ஓடியிருக்கும். சுத்தியலால் தட்டினால் ஓசை காட்டிக்கொடுக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்துக் குழைந்திருந்தால் இரண்டு ஆணிகளைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் பென்சில் முனை போல மெலிந்திருந்தால் கலப்பத்து (பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பது) பார்த்துப் பயனில்லை, பலகையே நிற்காது. இந்தச் சோதனைக்கு ஒரு ஓடாவியை (படகு கட்டும் தச்சர்) கூலி கொடுத்தாவது அழைத்துப் போங்கள், ஆனால் விற்பவருக்குப் படகு கட்டியவரை அல்ல.

அலுமினியத் தகடு போர்த்திய படகு என்றால் ஒரு கூடுதல் கேள்வி: அடியில் என்ன பெயிண்ட் அடித்தீர்கள்? தாமிரம் கலந்த பாசித்தடுப்புப் பெயிண்ட் அலுமினியத்தை அரிக்கும்.

விசைப்படகின் டீசல் எஞ்சினை எப்படிச் சோதிப்பது? ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. (தூத்துக்குடி)

நீங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்களா? எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடு இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில் பாதிக் கதை இருக்கிறது.

நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. கறுப்பு என்றால் இன்ஜெக்டர், காற்று வழி அல்லது அளவுக்கு மீறிய ப்ரொப்பல்லர். சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

பிறகு கடலில் ஒரு மணி நேரமாவது, அதில் 20 நிமிடம் முழு வேகத்தில். நிமிடத்துக்கு 1800 சுற்று போக வேண்டிய எஞ்சின் 1500-இல் முக்கினால் எஞ்சின் களைத்திருக்கலாம், அல்லது அடியில் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கலாம். சாஃப்ட் கிளாண்டில் (ப்ரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது சரி. கயிறு போல ஒழுகினால் பேக்கிங் மட்டுமல்ல, சாஃப்ட்டும் தேய்ந்திருக்கும். கரையேற்றியபின் ப்ரொப்பல்லரைச் சுரண்டுங்கள். மஞ்சளுக்குப் பதில் செம்பு போலச் சிவந்திருந்தால் துத்தநாகம் கரைந்துபோய், உலோகம் உளுத்துவிட்டது.

இரும்புப் படகு என்றால் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ. தகடு 4.5-க்கு இறங்கியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் அரிபடுவதற்காக அடியில் உள்ள ஜிங்க் கட்டிகளுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தப் படகைப் பராமரித்தவரின் விவரம் அவ்வளவுதான். பெயிண்ட் அடித்த ஜிங்க் வேலை செய்யாது.

இவ்வளவு சொன்னாலும் ஒன்று: எஞ்சினை மாற்றலாம். உடல் மக்கிய படகையும் காகிதம் இல்லாத படகையும் மாற்ற முடியாது. நல்ல எஞ்சினைக் காட்டி மோசமான படகை விற்பதுதான் வழக்கம்.

நீளத்தைக் கூட்டிய படகு வாங்கலாமா? (நாகப்பட்டினம்)

தமிழ்நாட்டு விதிப்படி 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டியதைத் தொடவே வேண்டாம். வரம்புக்குள் இருந்தாலும், வெட்டி நீட்டிய படகில் அகலம் பழையதாகவே இருக்கும்; மேலே வின்ச், வீல் ஹவுஸ் எல்லாம் பாரம் கூடியிருக்கும்.

துறைமுகத்தில் தண்ணீர் அசையாத நேரம், டீசலும் ஐஸும் வலையும் ஏற்றிய நிலையில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஆட்களை விட்டுப் படகை ஆட்டுங்கள். பத்து முறை ஆடி வர (ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், அதே பக்கம் திரும்பினால் ஒரு முறை) எத்தனை நொடி என்று எண்ணிப் பத்தால் வகுங்கள். வரும் விடை படகின் மீட்டர் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 5 மீட்டர் அகலப் படகு 4.5 நொடியில் ஆடித் திரும்பினால் சரி. 7 நொடி எடுத்துச் சோம்பலாகத் திரும்பினால், அது காற்றடிக்கும் நாளில் கவிழக்கூடிய படகு.

என்னென்ன காகிதம் கேட்க வேண்டும்? (கடலூர்)

பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு. படகின் மேல் எழுதிய ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண்ணும் சான்றில் உள்ள எண்ணும், எஞ்சின் எண்ணும், அளந்து பார்த்த நீளமும் பொருந்த வேண்டும். மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் நடக்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் மானிய டீசலும் நிவாரணமும் பழைய உரிமையாளருக்கே போகும்.

வங்கிக் கடனைப் பலரும் விசாரிக்கிறார்கள். ஏலக்காரரிடம் (கரையில் மீனை ஏலம் விட்டுத் தருபவர்) வாங்கிய முன்பணத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பாக்கி தீரும்வரை மீனை அவரிடமே போட வேண்டும் என்ற ஏற்பாடு படகோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும். அவரிடம் போய் நேரில் கேளுங்கள், ஊர்ப் பஞ்சாயத்திலும் விசாரியுங்கள்.

மண்டபம் பக்கம் இழுவைப் படகுகள் பாதி விலைக்கு வருகின்றனவே? (மதுரை)

காரணம் இருக்கிறது. பாக் நீரிணையில் இலங்கைக் கடல் எல்லை கிட்டத்தில்; தாண்டினால் படகு பிடிபடும். 2017 முதல் இலங்கையில் இழுவை மடிக்கு (இழுவை வலை) தடை, மறு ஆண்டிலிருந்து அந்நியப் படகுக்கு அபராதமும் கடுமை. 2022-இல் பிடிபட்ட தமிழகப் படகுகளை ஏலமே விட்டார்கள். கடல் தெரிந்த ஓட்டுநர் உங்களிடம் இல்லையென்றால் பாதி விலையும் அதிகம்தான்.

எந்த மாதத்தில் வாங்குவது நல்லது? (கடலூர், இன்னொரு வாசகர்)

விசைப்படகு என்றால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம். குளச்சல் பக்கம் ஜூன், ஜூலை. படகு கரையேறிக் கிடக்கும், அடியைப் பார்க்கத் தனிச் செலவு இல்லை. தடை தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள், பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே போய்விடுங்கள்.