டி.என்.ஏ.வைப் பார்க்கச் சாயங்கள் இருக்கும்போது ஒளிரும் புரதங்கள் எதற்கு?

கண்ணாடித் தகட்டில் நீட்டி வைத்த டி.என்.ஏ.வைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் யோயோ-1 போன்ற சாயமே போதும். ஆனால் அந்தச் சாயம் டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகளுக்கு நடுவே நுழைந்து உட்காருவதால் இழை இயல்பைவிட நீண்டுவிடும். லேசர் பட்டால் இழை துண்டாகவும் கூடும். டி.என்.ஏ.வில் ஒட்டும் பெப்டைடை, அதாவது குட்டையான புரதத் துண்டை, ஒளிரும் புரதத்தோடு இணைத்துச் சாயத்தின் இடத்தில் பயன்படுத்தினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது.

உயிருள்ள செல் என்று வந்துவிட்டால் நான் புரதத்தின் பக்கம்தான். ஜெல்லிமீனில் கண்டறியப்பட்ட ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவை மட்டும் கொடுத்தாலே போதும், செல் ஒளிரும் என்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் பாக்டீரியாவிலும் புழுவிலும் காட்டினார். ஆக்சிஜன் தவிர வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. இதை, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்2பி-யோடு இணைத்தால் செல் பிரியும்போது குரோமோசோம்கள் விலகிச் செல்வதை நேரில் பார்க்கலாம். ஒரே ஓர் இடம் மட்டும் தெரிய வேண்டுமா? அங்கே லாக் ஆப்பரேட்டர் என்ற குட்டையான டி.என்.ஏ. வரிசையை நூற்றுக்கணக்கில் அடுக்கி, அதில் ஒட்டும் புரதமான லாக் ரெப்ரசரோடு ஜி.எஃப்.பி.யை இணைத்துச் செல்லுக்குள் விடுவார்கள். அந்த இடம் புள்ளியாக மின்னும்.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை 2007-இல் வந்தது. யோஹான் எல்ஃப், சன்னி ஷியே ஆகியோர் அடங்கிய குழு, வீனஸ் என்ற மஞ்சள் ஒளிர் புரதத்தை லாக் ரெப்ரசரில் இணைத்து, ஈ.கோலை பாக்டீரியா செல்லுக்குள் தனித்தனி மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்தது. தன் இலக்கைத் தேடும் ரெப்ரசர் சுமார் 90 சதவீத நேரம் டி.என்.ஏ.வின் ஏதோ ஒரு பகுதியில் தொற்றியபடியே இருந்தது. ஒவ்வொரு முறை தொற்றியபோதும் தங்கியதோ 5 மில்லி விநாடிக்கும் குறைவு. செல்லைக் கொன்று நிலைப்படுத்திச் சாயமேற்றியிருந்தால் இந்த ஓட்டம் தெரிந்திருக்கவே வழியில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாம் பார்ப்பது டி.என்.ஏ.வை அல்ல, அதன்மேல் இருக்கும் புரதத்தின் ஒளியை. டி.என்.ஏ.வின் தடிமன் 2 நானோமீட்டர்; சாதாரண நுண்ணோக்கியில் ஒளிப்புள்ளியோ 200 நானோமீட்டருக்கும் மேல் விரியும். ஆகவே இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அவை ஒன்றையொன்று தொடுகின்றன என்று சொல்லிவிட முடியாது. அதோடு ஜி.எஃப்.பி.யும் 238 அமினோ அமிலங்கள் கொண்ட கனமான சுமை. இரண்டிரண்டாகச் சேரும் குணமும் அதற்கு உண்டு. 206-ஆம் இடத்து அலனினை லைசினாக மாற்றிய வகையைத் தேர்ந்தெடுத்தால் அது பெருமளவு அடங்கும். ஆராயும் புரதத்தின் இயல்பான மரபணுவை எடுத்துவிட்டு ஒளிரும் இணைப்பை மட்டும் வைத்தும் செல் வழக்கம்போல வளர்கிறதா என்று முதலில் பாருங்கள். வளரவில்லை என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை நம்ப மாட்டேன்.