ஏஎஃப்சியா என்எஃப்சியா? சூப்பர் பவுல் கணக்க மட்டும் வச்சு பேசாதீங்க

அமெரிக்க ஃபுட்பால் லீக் என்எஃப்எல்ல டீமுங்கள ஏஎஃப்சி, என்எஃப்சின்னு ரெண்டு பக்கமா, அதாவது ரெண்டு கான்ஃபரன்ஸா பிரிச்சிருக்காங்க, ரெண்டு பக்கத்து சாம்பியனும் கடைசில மோதறது தான் சூப்பர் பவுல். அந்த சூப்பர் பவுல்ல என்எஃப்சி டீம் தானே அடிச்சு நொறுக்குது, அப்புறம் ஏன் ஏஎஃப்சி தான் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்ல ஒரு ஈகிள்ஸ் ஃபேனோ கவ்பாய்ஸ் ஃபேனோ (ரெண்டும் என்எஃப்சி டீம்) உக்காந்து தினமும் காதுல ஓதிட்டிருக்கான். எனக்கு அந்த ஆள் ஆபீஸ்ல இல்ல, குடும்பத்துலயே இருக்கான், பொண்டாட்டியோட தம்பி.

முதல்லயே சொல்லிடறேன், நான் இருக்கறது பஃபலோ, எங்க ஊர் ஏஎஃப்சி டீம் பில்ஸோட ஃபேன். "வயித்தெரிச்சல்ல எழுதுறான்"னு கமெண்ட் போட ஓடி வராதீங்க. வயித்தெரிச்சல் இருக்கு தான், இல்லைன்னு சொல்லல, ஆனா கீழ இருக்கற ஸ்கோர் எதையும் நான் சமைக்கல, யார் வேணா தேடிப் பாத்துக்கலாம்.

புதுசா பாக்க ஆரம்பிச்சவங்களுக்காக ஒரு வரி. மொத்தம் 32 டீம், பக்கத்துக்கு 16. இது கிழக்கு மேற்குன்னு ஊர் பாத்து பிரிச்சது இல்ல. 1960-ல என்எஃப்எல்லுக்குப் போட்டியா ஏஎஃப்எல்னு ஒரு லீக் ஆரம்பிச்சாங்க, 1970-ல ரெண்டும் ஒண்ணாச்சு, அந்தப் பழைய ஏஎஃப்எல் டீமுங்களோட, என்எஃப்எல்ல இருந்த ஸ்டீலர்ஸ், பிரவுன்ஸ், கோல்ட்ஸ் மூணும் இந்தப் பக்கம் வந்து சேந்தது தான் ஏஎஃப்சி. அதனால தான் நியூயார்க் பேர் வச்ச ரெண்டு டீம்ல ஜயண்ட்ஸ் அங்க, ஜெட்ஸ் இங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சூப்பர் பவுல்ங்கறது ஒரே ஒரு மேட்ச். ஒரு நாள்ல ஒரு டீம் இன்னொரு டீம அடிச்சதுக்கு மீதி 15 டீமையும் சேத்து எடை போடறது எந்த ஊர் நியாயம்? 1990 டிசம்பர்ல எங்க பில்ஸ் ஜயண்ட்ஸ அவங்க ஊர்லயே போய் 17-13னு ஜெயிச்சாங்க. அடுத்த மாசமே அதே ஜயண்ட்ஸ் கிட்ட சூப்பர் பவுல்ல 20-19, கடைசில எங்க ஸ்காட் நார்வுட் 47 யார்டுலேந்து ஃபீல்டு கோலுக்கு (ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைக்கறது) அடிச்ச பந்து வலது பக்கமா வெளிய போச்சு. அந்தப் பந்து கொஞ்சம் இடது பக்கம் போயிருந்தா ஏஎஃப்சி ஸ்ட்ராங், போகலைன்னா வீக், அப்படித்தானே உங்க கணக்கு?

ஆனா அந்தக் காலத்துல என்எஃப்சி நெஜமாவே பெரிய ஆளு தான், அத மறைக்க மாட்டேன். 1984 சீசன்லேந்து 1996 சீசன் வரைக்கும் வரிசையா 13 சூப்பர் பவுல் அவங்க தான். இதுல வேடிக்கை என்னன்னா 1983 டிராஃப்ட்ல (காலேஜ் பசங்கள டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கறது) முதல் ரவுண்டுல போன குவார்ட்டர்பேக், அதாவது பந்து எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவங்க, ஆறு பேர், எல்வே, மரினோ, கெல்லி எல்லாம் அதுல தான், ஆறு பேரையும் எடுத்தது ஏஎஃப்சி டீமுங்க. இனிமே பத்து வருஷம் ஏஎஃப்சி ராஜ்ஜியம்னு தானே யாரும் நெனப்பாங்க? நடந்தது என்ன, அந்த 13 தோல்வில முதல் பத்த எடுத்தா ஒம்பதுல ஸ்டார்ட் பண்ணி தோத்தது அந்த 83 பசங்க தான், எங்க பில்ஸோட கெல்லி மட்டும் தனியா நாலு. அந்தப் பக்கம் வாஷிங்டன், ஜயண்ட்ஸ், கவ்பாய்ஸ், ஃபார்ட்டி நைனர்ஸ்னு லைன்ல மலை மலையா ஆளுங்கள நிறுத்தி, வருஷம் பூரா ஒருத்தர ஒருத்தர் அடிச்சுப் பழகிட்டு வந்தாங்க. அதுவும் 13-ல 7 ஒரே டிவிஷன் (கான்ஃபரன்ஸுக்குள்ள இருக்கற சின்ன குரூப்), என்எஃப்சி ஈஸ்ட். 1998 ஜனவரில டென்வர் டீமோட எல்வே போய் பேக்கர்ஸ 31-24னு அடிச்சப்ப தான் அந்த வரிசை அறுந்தது.

இதத்தான் என் மச்சான் இன்னிக்கு வரைக்கும் பிடிச்சு தொங்கறான். அவன் இருக்கறது ஃபிரிஸ்கோ, டல்லாஸ் பக்கம், வீட்டு வாசல்ல கவ்பாய்ஸ் கொடி. தேங்ஸ்கிவிங்குக்கு அங்க போனா டர்க்கி வேகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவான், "அத்தான், 52-17 ஞாபகம் இருக்கா?" 1993 ஜனவரி சூப்பர் பவுல்ல கவ்பாய்ஸ் எங்க பில்ஸ அடிச்ச ஸ்கோர் அது. டேய், அப்ப நீ திருச்சியில ஸ்கூல் படிச்சிட்டிருந்த, ஃபுட்பால்னா உருண்டையா தான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தவன், ஏதோ உங்க கவ்பாய்ஸ் ஓட்டக்காரன் எம்மிட் ஸ்மித்துக்கு நீ தான் வழி விட்ட மாதிரி பேசற! 2019 தேங்ஸ்கிவிங் அன்னிக்கு அவங்க கிரவுண்டுலயே பில்ஸ் 26-15னு ஜெயிச்சாங்க, அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல அவன் கிச்சன்லேந்து வெளியவே வரல, திடீர்னு ரசம் வைக்கறதுல அவ்ளோ அக்கறை. 2023 டிசம்பர்ல பஃபலோவுக்கு வந்து 31-10 வாங்கிட்டுப் போனாங்க, எங்க ஜேம்ஸ் குக் மட்டும் பந்தோட ஓடியே 179 யார்டு. அத சொன்னா "அது ரெகுலர் சீசன் அத்தான், கணக்குல வராது"ங்கறான். அவன் கணக்குல வர்றது எல்லாமே 1996 ஜனவரியோட முடிஞ்சு போச்சு, அவங்க கடைசியா சூப்பர் பவுல் போனதே அப்ப தான்.

பேச்சுல தோத்தா உடனே வேற ரூட்டுக்குப் போயிடுவான், "அந்தப் பனில எதுக்கு கெடக்கறீங்க, டெக்சாஸ் வந்துடுங்க, ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாது." அந்தக் காச எல்லாம் பிராப்பர்டி டாக்ஸா புடுங்கறாங்களே அத எந்த வாட்ஸப் குரூப்லயும் எவனும் சொல்ல மாட்டான். ஆனா பனி விஷயத்துல எனக்கும் ஆத்தாமை இருக்கு. 2024 ஜனவரில ஸ்டீலர்ஸோட பிளேஆஃப் (ரெகுலர் சீசன் முடிஞ்சு வர்ற நாக்அவுட் மேட்ச்), ஞாயித்துக்கெழமை நடக்க வேண்டியது பனிப்புயலால திங்கக்கெழமைக்குத் தள்ளினாங்க. ஸ்டேடியத்துல பனி அள்ள மணிக்கு 20 டாலர் தரோம் வாங்கன்னு ஊர்க்காரங்கள கூப்பிட்டாங்க, ஜனங்க மண்வெட்டியோட போய் நின்னு அள்ளிட்டாங்க. நான் இருக்கற அபார்ட்மென்ட்ல வாடகையோட சேத்து பனி அள்ளவும் காசு வாங்கறாங்க, ஆனா வண்டி வர்றதே இல்ல, போன் பண்ணா "லிஸ்ட்ல இருக்கீங்க சார்"னு பதில். அந்த லிஸ்ட்ட ஒரு நாள் நேர்ல பாக்கணும். சரி, இது உங்க கேள்விக்கு சம்பந்தமில்ல, விடுங்க.

ரெண்டு பக்கத்தையும் ஒழுங்கா ஒப்பிடணும்னா ரெகுலர் சீசன்ல குறுக்க ஆடற மேட்ச பாக்கணும். 2021-லேந்து ஒரு டீமுக்கு 17 மேட்ச், அதுல 5 எதிர் கான்ஃபரன்ஸோட. மொத்தம் 80 மேட்ச், ஒரு மேட்சுக்கு இது எவ்வளவோ தேவல. ஆனா அதுலயும் ஓட்டை இருக்கு, அந்த அஞ்சுல நாலு ஒரே டிவிஷனோட தான். உங்க டிவிஷனுக்கு அந்த வருஷம் சொத்தை டிவிஷன் மாட்டினா கணக்கு அழகா ஏறும், நல்ல டிவிஷன் மாட்டினா போச்சு. 2024-ல பாருங்க, லயன்ஸ் ராம்ஸ ஓவர்டைம்ல 26-20னு ஜெயிச்சாங்க. ராம்ஸ் எங்கள 44-42னு அடிச்சாங்க. அடுத்த வாரமே நாங்க டெட்ராய்ட் போய் லயன்ஸ 48-42னு அடிச்சோம். இப்ப இந்த மூணுல யாரு பெரியவன்னு உங்க பக்கத்து சீட்டுக்காரன் சொல்லட்டும், நானும் கேட்டுக்கறேன்.

அதே 2024-ல என்எஃப்சி நார்த்ல லயன்ஸ் 15-2, வைக்கிங்ஸ் 14-3. பதினாலு ஜெயிச்ச டீம் டிவிஷன்ல ரெண்டாவதுங்கறதால வைல்ட் கார்டா, அதாவது டிவிஷன் ஜெயிக்காம பிளேஆஃப் போற டீமா வந்து முதல் ரவுண்டுலயே ராம்ஸ் கிட்ட 27-9னு அவுட். அதே என்எஃப்சில தான் 2022-ல பக்கனியர்ஸ் 8-9 வச்சுக்கிட்டு சவுத் டிவிஷன் ஜெயிச்சு, பிளேஆஃப்ப சொந்த ஊர்லயே ஆடினாங்க. ஒரே கான்ஃபரன்ஸ் தான் ரெண்டும், இத வச்சு ஸ்ட்ராங்னு சொல்வீங்களா வீக்னு சொல்வீங்களா?

சரி, அப்ப ஏஎஃப்சி கஷ்டம்னு ஏன் சொல்றாங்க? 2003 சீசன்லேந்து 2024 சீசன் வரைக்கும் எடுங்க. 22 சூப்பர் பவுல்ல ஏஎஃப்சி பக்கம் ஆடின குவார்ட்டர்பேக் மொத்தமே ஆறு பேர்: பிராடி, பெய்டன் மேனிங், ராத்லிஸ்பெர்கர், ஃப்ளாக்கோ, மஹோம்ஸ், பர்ரோ. என்எஃப்சி பக்கம் எண்ணினா 19 பேர், ரெக்ஸ் கிராஸ்மேன் மாதிரி சுமாரான ஆளு எல்லாம் போய்ட்டு வந்திருக்காரு. கல்யாணப் பந்தில முதல் வரிசைல உக்காந்தவங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க, மத்தவங்க பின்னாடி எலைய கையில வச்சுக்கிட்டு நிக்கணும், அது தான் ஏஎஃப்சி. என்எஃப்சில வருஷா வருஷம் யாராவது எந்திரிச்சு எடம் விடுவாங்க. அதுக்காக அங்க சாப்பாடு மோசம்னு நான் சொல்ல வரல, நடுவுல இருக்கற டீமுங்கள மட்டும் எடுத்தா சில வருஷம் அவங்க தான் மேல.

எங்க பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் கதையே இதான். ரெகுலர் சீசன்ல 2021, 22, 23, 24, நாலு வருஷமும் மஹோம்ஸோட டீமான சீஃப்ஸ ஜெயிச்சாரு. பிளேஆஃப்ல 2021 ஜனவரி, 2022 ஜனவரி, 2024 ஜனவரி, 2025 ஜனவரி, நாலும் அதே சீஃப்ஸ் கிட்ட போச்சு. அந்த 2022 மேட்ச்ல 13 செகண்ட் தான் பாக்கி, நாங்க மூணு பாயிண்ட் முன்னாடி, அந்த 13 செகண்டுல மஹோம்ஸ் வந்து சமன் பண்ணி, ஓவர்டைம்ல டாஸும் அவங்களுக்கே விழுந்து, ஆலன் கைக்கு பந்தே வராம 42-36னு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தான் பிளேஆஃப் ஓவர்டைம்ல ரெண்டு டீமுக்கும் பந்து கிடைக்கணும்னு ரூல மாத்தினாங்க. எங்களுக்கு என்ன லாபம்?

2025 பிப்ரவரில ஈகிள்ஸ் அதே சீஃப்ஸ 40-22னு அடிச்சதும், ஒரு கட்டத்துல 34-0, மச்சான் போன் பண்ணி "பாத்தீங்களா உங்க ஏஎஃப்சி லட்சணத்த"ன்னான். ஈகிள்ஸ் அவனோட சொந்த டிவிஷன் எதிரி, கவ்பாய்ஸ் ஃபேன் எவனும் வாய்விட்டு ஈகிள்ஸ பாராட்ட மாட்டான், என்னைக் குத்தணும்னா மட்டும் அவங்களும் சொந்தக்காரங்க ஆயிடுவாங்க. உங்க ஆபீஸ்காரன் ஈகிள்ஸ் ஃபேனா இருந்தா ரெண்டு வார்த்தை பேசட்டும், ஜெயிச்சவன், உரிமை இருக்கு. கவ்பாய்ஸ் ஃபேனா இருந்தா 1996-க்கு அப்புறம் என்ன பண்ணீங்கன்னு மட்டும் கேளுங்க, என்ன பதில் வருதுன்னு கீழ கமெண்ட்ல போடுங்க, அப்படியே எங்க குடும்ப குரூப்ல ஃபார்வர்டு பண்ணிடறேன்.