விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்த பெரியப்பா, 1973-ல் நிக்சன் இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்றபோது வாங்கிய வெள்ளிப் பதக்கத்தை எனக்குக் கொடுத்தார். நிக்சன், துணை அதிபர் அக்னியூ இருவர் முகமும் இருக்கிறது. இப்போது கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா? நகைக்கடையில் உருக்கிக் கொலுசு செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. குங்குமச் சிமிழைத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்த்தால் புருவக் கோடும் முடியின் நெளிவும் மழுங்கிப் போகும், பொடிக் கீறல் லென்ஸில் பளிச்சென்று தெரியும், சேகரிப்பவர்கள் அங்கேயே விலையைக் குறைத்துவிடுவார்கள். புதுச்சேரியில் எங்கள் தாத்தா வைத்திருந்த பிரெஞ்சு வெள்ளிக் காசைத் தீபாவளிக்குத் தீபாவளி நான்தான் தேய்ப்பேன், இன்று அதில் முகமே இல்லை, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம், நம் கடலோர ஈரத்தில் அது சீக்கிரம் வரும். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அதைச் சுற்றி வைக்காதீர்கள். வளவளப்பான பிவிசி உறையும் ஆகாது, நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். கெட்டியான அக்ரிலிக் டப்பாவில் வைத்து, பீரோவில் பக்கத்திலேயே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும். தொடும்போது ஓரத்தைப் பிடியுங்கள்.

சரி, உருக்கும் விஷயம். பதவியேற்பு விழாக் குழுவே பதக்கம் வெளியிடும் வழக்கம் 1901-ல் அதிபர் மெக்கின்லி காலத்தில் தொடங்கியது, 1961-ல் கென்னடியின் பதக்கத்தைச் சிற்பி பால் மேன்ஷிப் வடித்தார். உங்களுடையதை அடித்தது ஃபிராங்க்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நாணயச் சாலை. 1970களில் நிறையவே அடித்தார்கள், அதனால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதிலுள்ள இருவருமே அந்தப் பதவிக்காலத்தை முடிக்கவில்லை: அக்னியூ 1973 அக்டோபரிலேயே ராஜினாமா செய்தார், நிக்சன் 1974 ஆகஸ்டில். அந்தக் கதையைக் கொலுசில் யார் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளிதானா என்று சந்தேகம் இருந்தால் விளிம்பில் ஸ்டெர்லிங் முத்திரை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி. கடையில் உரைகல்லில் உரசவே விடாதீர்கள், கேரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் கீறல் விழாது. அப்புறம், பெரியப்பா வாங்கிய பெட்டி, ரசீது, சான்றிதழ் என்று எது இருந்தாலும் பதக்கத்தோடு சேர்த்தே வையுங்கள்.