அந்த முதல் மூன்று வருஷம்

அன்புள்ள அக்கா,

என் தங்கைக்குக் கல்யாணமாகி 6 வருஷம், குழந்தை இல்லை. 3 வருஷமாகக் குடிக்கிறாள், இப்போது தினமும். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. “குடிக்கிறவளுக்கு எப்படித் தங்கும்” என்கிறார் மாமியார். டாக்டரிடம் குடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சிகிச்சை தராமல் அனுப்பிவிடுவார்களா?

– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கச்சி,

சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சில கருத்தரிப்பு மையங்களில் படிவம் நிரப்பும்போது “குடிப்பழக்கம் உண்டா?” என்று கணவரைத்தான் கேட்பார்கள், மனைவிக்குக் கேட்காமலே ‘இல்லை’ என்று போட்டுவிடுவார்கள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் அதைத் திருத்தச் சொல்வாள்? ஆனால் அதைத் தெரிந்துகொண்டால்தான் டாக்டரால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

தினமும் அதிகமாகக் குடித்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன்கள் குழம்பும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடலாம், முட்டை வெளிவராமலே மாதங்கள் போகும். விலக்கு தள்ளிப்போவதற்கு அது காரணமாக இருக்கலாம், தைராய்டோ, சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ்ஸோகூட இருக்கலாம். குடியை விட்டபின் பலருக்கு விலக்கு ஒழுங்காகிறது.

சரி, நீங்கள் எழுதிய கணக்கையே பாருங்கள். குடி தொடங்கும் முன்பே 3 வருஷம் குழந்தை இல்லை. அந்த 3 வருஷத்துக்கு மாமியார் என்ன காரணம் சொல்வார்? போகிற கல்யாண வீட்டிலெல்லாம் “விசேஷம் ஒன்றும் இல்லையா” என்று கேட்டுக் கேட்டே ஒரு பெண்ணைக் குடிக்குத் தள்ள முடியும், இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் தங்கையின் கணவர் ஒரு வரியில்கூட இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. அவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா? அவரும் குடிப்பவரா? குடி விந்தணுவையும் கெடுக்கும், புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் அவரும் இப்போதே நிறுத்த வேண்டும்.

இரண்டை மட்டும் செய்யாதீர்கள். கோவிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்த வைப்பது, சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலப்பது, இரண்டுமே ஆபத்து. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு, முதலில் அங்கே போங்கள். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது, அதனால் குடி நின்றபின் கருத்தரிப்பதுதான் பிள்ளைக்கும் நல்லது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கத் தங்கையோடும் அவள் கணவரோடும் நீங்களும் போங்கள், மாமியார் வீட்டில் இருக்கட்டும்.