பட்டிப்பளை ஆறும் கல்லோயாவும் வெவ்வேறு ஆறுகளா?

இல்லை, இரண்டும் ஒரே ஆறுதான். கிழக்கிலங்கைத் தமிழ் பேசும் மக்கள் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்ததையே சிங்களத்தில் கல் ஓயா என்கின்றனர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே அது கடலில் சேர்கிறது.

ஆற்றின் வரலாறு 1949இல் திசைமாறியது. நாட்டின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு, கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவி, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியொன்றின் மூலம் அணை கட்டியது. அதனால் உருவானதே இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம். வாடைக்கால மழையை மட்டும் நம்பியிருந்த வயல்களுக்கு, மழை குறைந்த பருவமான சிறுபோகத்திலும் வாய்க்கால் நீர் எட்ட வழி பிறந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் நீரோடு மட்டும் இத்திட்டத்தை அளப்பது போதாது என்பேன். புதிய குடியேற்றங்களில் பெரும்பாலானவை பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டமையால், இப்பகுதியின் குடிப்பரம்பலே மாறியது. 1956 ஜூனில், சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை ஒட்டி எழுந்த வன்முறையில் இங்கே தமிழர் பலர் கொல்லப்பட்டனர். சுதந்திர இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த முதல் இனக்கலவரமாக அதையே குறிப்பிடுகின்றனர். அதுவரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த இப்பகுதி, 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.